பாட் ஆட்ஸ், அவுட்ஸ்: பெருக்கல் சரி, முடிவு தப்பு

டெக்சாஸ் ஹோல்டெம் போக்கர் ஆடுபவர்களில் பலருக்கு அவுட்ஸ் (வந்தால் கையை ஜெயிக்க வைக்கும் சீட்டுகள்) எண்ணத் தெரியும், பாட் ஆட்ஸும் (நடுவில் சேர்ந்த காசோடு ஒப்பிட்டு நாம் கட்டும் விலை) போடத் தெரியும். ஆனாலும் பணம் கரைகிறது. கை லேசாக மேம்பட்டாலே போதும் என்று எல்லாச் சீட்டையும் அவுட்டாக எண்ணிவிடுகிறார்கள். கட்டும் காசு ஒரு சீட்டைப் பார்க்கவா, இரண்டையும் பார்க்கவா என்று யோசிப்பதில்லை.

முதலில் விலைக் கணக்கு. நடுவில் சேர்ந்த பந்தயக் காசான பாட்டில் 600 கிடக்கிறது, எதிராளி 300 பெட் வைக்கிறார். பலர் 300-ஐ 900-ஆல் வகுத்து 33 சதவீதம் என்கிறார்கள். நாம் போடும் 300-ம் பாட்டில்தான் சேரும். 1200-க்கு 300, அதாவது 25 சதவீதம். இதைத் தப்பாகப் போட்டால், கால் பண்ண (அதே காசைக் கட்டித் தொடர) வேண்டிய நல்ல கைகளை மடித்துவிடுவோம் (விட்டு விலகிவிடுவோம்).

இதைவிட அதிகம் செலவு வைப்பது, அவுட்ஸை நாலால் பெருக்கி அவை விழும் சதவீதம் பார்க்கும் ‘நாலால் பெருக்கு’ பழக்கம். உங்கள் கையில் ஹார்ட்டின் ஜாக்கும் எட்டும். ஃப்ளாப்பில் (முதலில் திறக்கும் மூன்று பொதுச் சீட்டில்) ஹார்ட்டின் ராஜா, இஸ்பேடு 4, ஹார்ட்டின் 2. ஃப்ளஷுக்கு (ஒரே இனத்தில் ஐந்து சீட்டு) 9 அவுட்ஸ். ஒன்பதை நாலால் பெருக்கினால் 36, தேவை 25தான் என்று சந்தோஷமாக கால் பண்ணுகிறோம். அந்த 36 (சரியாகச் சொன்னால் 35) டர்ன், ரிவர் (நாலாவது, ஐந்தாவது பொதுச் சீட்டு) இரண்டையும் பார்த்தால் வருவது. ஃப்ளாப்பிலேயே யாராவது ஆல்-இன் (இருப்பதை எல்லாம் வைத்து) போயிருந்தால் மட்டுமே அதை நம்பலாம். இங்கே 300 கொடுத்து வாங்குவது டர்ன் சீட்டு ஒன்றைத்தான். பார்க்காத 47 சீட்டில் 9, அதாவது 19 சதவீதம். ரிவருக்கு எதிராளி மறுபடி விலை கேட்பார்.

அதற்காக உடனே மடிக்கவும் வேண்டாம், மீதியையும் கணக்குப் போடுங்கள். டர்னை மட்டும் வைத்துப் பார்த்தால், 47 முறையில் 38 முறை 300 போகும், 9 முறை 900 வரும். 11,400 போய் 8,100 வருகிறது. குறைகிற 3,300-ஐ ஒன்பதால் வகுத்தால் சுமார் 367. ஃப்ளஷ் விழும் ஒவ்வொரு முறையும் எதிராளியிடமிருந்து சராசரியாக இவ்வளவு கூடுதலாகக் கறக்க முடியுமா? அவர் முன்னால் 200 சிப்ஸ்தான் மிச்சம் என்றால் வழியே இல்லை. ராஜா ஜோடியை விட மனமில்லாமல் பெரிய சிப்ஸ் அடுக்கோடு உட்கார்ந்திருப்பவர் என்றால் தாராளமாகத் தொடரலாம்.

இனி அவுட்ஸின் தரம். ஹார்ட்டின் 8, 7 கையில், ஃப்ளாப்பில் ஹார்ட்டின் 9, இஸ்பேடு 6, ஹார்ட்டின் 2. ஃப்ளஷுக்கு 9, ஸ்ட்ரெயிட்டுக்கு (வரிசையாக ஐந்து சீட்டு) 8, மொத்தம் 17 என்பது தப்பு. ஹார்ட்டின் பத்தும் ஐந்தும் இரு பக்கமும் எண்ணப்பட்டுவிட்டன, உள்ளது 15. அதையும் நாலால் பெருக்கி 60 என்று நம்ப வேண்டாம். அவுட்ஸ் கூடக் கூட அந்தச் சுருக்குவழி மிகைப்படுத்தும், உண்மை அளவு 54. எதிராளியிடம் ஒன்பதில் செட் (மூன்று ஒன்பது) இருந்தால் ஹார்ட்டின் 6 உங்களுக்கு ஃப்ளஷ், அவருக்கு அதை வெல்லும் ஃபுல் ஹவுஸ் (மூன்றும் ஒரு ஜோடியும்). வேறு ஹார்ட்டின் டர்னில் விழுந்து நீங்கள் முந்தினாலும், பலகையில் ஜோடி சேர்க்கவோ நாலாவது ஒன்பதைத் தரவோ ரிவரில் அவருக்குப் பத்துச் சீட்டு வரை இருக்கும். செட்டுக்குப் பதிலாக அவரிடம் ஹார்ட்டின் ஏஸும் இன்னொரு ஹார்ட்டினும் இருந்தால் நிலைமை இன்னும் மோசம். ஹார்ட்டின் வந்தால் அவர் ஃப்ளஷ் பெரிது, நீங்களோ ஃப்ளஷ் சேர்ந்த தைரியத்தில் முழு அடுக்கையும் இழப்பீர்கள். சந்தேகம் வலுக்கும்போது 15-ஐ 11, 12 என்று குறைத்து எண்ணுவதே என் பழக்கம்.

மடித்துப் போன கைகளில் ஹார்ட்டின் போயிருக்கும் என்ற ஊகத்துக்குக் கணக்கில் இடமில்லை. பார்க்காத சீட்டு யார் கையில் இருந்தாலும் பார்க்காததுதான், அதனால்தான் ஃப்ளாப்பில் எப்போதும் 47. ஏற்கெனவே போட்ட காசும் அப்படியே. அது பாட்டுக்குச் சொந்தம், அதைக் காப்பாற்றுவதற்காக கால் பண்ணக் கூடாது.

அதிகம் பேசப்படாத ஒன்று உண்டு. உங்களுக்குப் பின்னால் இன்னும் ஒருவர் ஆட வேண்டியிருந்தால் மேலே போட்ட 25 சதவீதம் உறுதியான விலை அல்ல. அவர் ரெய்ஸ் அடித்து (தொகையை உயர்த்தி) நீங்கள் மடிக்க நேர்ந்தால், 300 கொடுத்தும் டர்ன் சீட்டைப் பார்க்கவே மாட்டீர்கள். அவர் சும்மா கால் பண்ணும் ஆள் என்றால் பாட் பெருத்து விலை மலியும். கால் பண்ணும் முன் அந்த ஆளின் ஆட்டத்தையும் யோசியுங்கள்.