ஒரு புள்ளி, ஒரே வளவு: இருப்பிடத் தகவலில் நாம் விடும் தவறுகள்

வீடுகள் நெருங்கி நிற்கும் நகரத்தில், வரைபடத்தில் விழும் ஒரு புள்ளிக்குள் பத்துக் குடும்பங்கள் இருக்கலாம். முல்லைத்தீவு மாவட்டத்தின் ஒட்டுசுட்டானிலோ மல்லாவியிலோ பெரிய காணிக்கு ஒரு வீடென்று அமைந்த குடியிருப்புகளில் அந்தப் புள்ளி ஒரே வளவையும் அங்கு வாழும் ஒரே குடும்பத்தையும்தான் காட்டும். 'இடம் மட்டும்தானே தெரிகிறது, பெயர் இல்லையே' என்று எண்ணுவதே எல்லாவற்றிலும் பெரிய தவறு என்பேன். ஸ்ராவா என்ற உடற்பயிற்சிச் செயலி 2017 நவம்பரில் வெளியிட்ட, பயனர்கள் ஓடிய தடங்களைக் காட்டும் உலக வரைபடத்தில் எவருடைய பெயரும் இருக்கவில்லை. ஆயினும் 2018 ஜனவரியில், சிரியா, ஆப்கானிஸ்தான் போன்ற நாடுகளின் ஆளரவமற்ற பகுதிகளில் இருந்த இராணுவத் தளங்களை, வீரர்கள் ஓடிய தடங்களே அதில் காட்டிக்கொடுப்பதைப் பலர் கண்டனர். சனம் குறைந்த இடத்தில் தடம் தனித்துத் தெரியும்.

அடுத்தது, படத்துக்குள் இருப்பதை மறந்துவிடுவது. கமராவில் இருப்பிடப் பதிவு இயங்கினால், அகலக்கோடும் நெடுங்கோடும் நேரமும் படக்கோப்பிலேயே பதிவாகிவிடும். வாட்ஸ்அப்பில் சாதாரண படமாக அனுப்பும்போது அவை நீங்கிவிடுகின்றன. தெளிவு குறையக்கூடாதென்று 'டொக்கியுமென்ட்' ஆக அனுப்பினால் அப்படியே போய்ச் சேருகின்றன. உறவினர் ஒருவர் விற்கவிருந்த காணியின் படங்களை எனக்கு அவ்வாறு அனுப்பியபோது, அவருடைய மகள் தங்கள் வீட்டு மாமரத்தடியில் நிற்கும் படமொன்றும் தவறுதலாகச் சேர்ந்து வந்தது. அதிலிருந்த எண்களை வரைபடத்தில் இட்டுப் பார்த்தேன். குறி அவர்களுடைய கிணற்றுக்கட்டின் அருகே விழுந்தது. தசமத்துக்குப் பின் நான்கு இலக்கங்கள் இருந்தாலே ஏறத்தாழ 11 மீற்றருக்குள் இடம் தெரிந்துவிடும். அன்றிரவே அவரை அழைத்து, கமரா அமைப்பில் இருப்பிடப் பதிவை நிறுத்த வைத்தேன்.

வற்றாப்பளைப் பொங்கலுக்குக் குடும்பமாகப் போய், கோயிலில் நின்றபடியே முகநூலில் நேரலை போடுவதையும் தவிர்க்க வேண்டும். வீடு பூட்டிக்கிடக்கிறது என்பதை ஊருக்கே அறிவிக்கும் செயல் அது. வீடு திரும்பிய பின் அதே படங்களைப் போட்டால் எந்தக் குறையும் வந்துவிடாது. சாமத்திய வீட்டு அழைப்பிதழைப் பிள்ளையின் படம், முகவரி, தேதியோடு பொதுவில் பகிர்வதும் இத்தகையதே.

வவுனியாவிலிருந்து இரவு பஸ்ஸில் வரும் மகள் தன் நேரலை இருப்பிடத்தை வீட்டாருக்கு அனுப்புவது நல்ல பழக்கம். ஆனால் வாட்ஸ்அப் 15 நிமிடம், 1 மணித்தியாலம், 8 மணித்தியாலம் என்று மூன்று தெரிவுகளைத் தருகையில், யோசியாமல் எட்டைத் தொடுவதும், தாய்க்கு அனுப்ப வேண்டியதைக் குடும்பக் குழுவில் போடுவதும் தேவையற்றவை.

செயலிகளுக்கு 'எப்போதும்' என்ற அனுமதியைக் கொடுக்காதீர்கள். பயன்படுத்தும்போது மட்டும் என்ற தெரிவு போதும்.

கமராவில் இன்று நிறுத்தினாலும் நேற்றுவரை எடுத்த படங்களில் இருப்பிடம் அப்படியேதான் இருக்கும். அவற்றைக் கோப்பாக அனுப்ப நேர்ந்தால், கலரியில் படத்தின் விபரத்தைத் திறந்து இருப்பிடத்தை நீக்கிவிட்டு அனுப்புங்கள்.