ப்ரோபாக்ஸின் உள்ளே: மாதம் ஒரு வேலை

எங்கள் வீட்டு டொயோட்டா ப்ரோபாக்ஸ் கார் ஜப்பானில் ஏதோ ஒரு கம்பெனிக்குச் சரக்கு சுமந்து ஓய்ந்து, கப்பலேறி யாங்கோன் வந்து, இங்கேயும் இரண்டு கை மாறி எங்களிடம் சேர்ந்தது. வாங்கிய வாரமே அனவ்ரட்டா சாலைக் காளி கோயில் வாசலில் பூஜை போட்டு, கண்ணாடியில் இங்கே மங்கலத்துக்குக் கட்டும் தபியே தழையும் மல்லிகைச் சரமும் கட்டினோம். வெளியே பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. கதவைத் திறந்தால் ஈரச் சாக்கு வாடை.

அந்த வாடையைப் போக்கப்போய்ப் பிடித்துக்கொண்ட பொழுதுபோக்குதான், வண்டியின் உட்புறத்தை நானே சீர்செய்வது. இப்போது எதிர்வீட்டுத் தம்பி பழைய ஹோண்டா ஃபிட் ஒன்று வாங்கிவிட்டு, "அண்ணே, முதல்ல என்ன மாட்டலாம், கலர் லைட்டா சீட் கவரா?" என்று கேட்கிறான். ஒன்றும் மாட்டாதே, முதலில் கழற்று என்றேன். அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

கையில் என்ன வேண்டும்

10, 14 எண் பாக்ஸ் ஸ்பேனர், ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், பிளாஸ்டிக் நெம்புகோல், வயரில் மின்சாரம் வருகிறதா என்று பார்க்க ஒரு டெஸ்டர், ஒரு நோட்டு. டொயோட்டாவின் உள்ளே பெரும்பாலான போல்ட் 10, சீட் போல்ட் 14. நெம்புகோல் கிடைக்கவில்லை என்றால் பழைய பல்துலக்கியின் காம்பைத் தேய்த்து வைத்துக்கொள்ளுங்கள். இரும்பு ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் டாஷ்போர்டில் விழும் வடு ஆயுளுக்கும் போகாது. நோட்டு எதற்கு என்றால், எந்த ஸ்க்ரூ எங்கிருந்து வந்தது என்று எழுத. போனில் படமும் எடுத்து வையுங்கள்.

முதல் மாதம்: கழற்றிக் காயவைப்பது

யாங்கோனில் ஆண்டுக்கு 2,700 மில்லிமீட்டர் அளவுக்கு மழை கொட்டுகிறது. அதற்கு முன்னால் ஏப்ரலில் தண்ணீர் ஊற்றி விளையாடும் புத்தாண்டுத் திருவிழா திஞ்சான் வேறு. ஜன்னலை நாலு விரற்கடை இறக்கினால் போதும், ஒரு வாளித் தண்ணீர் மடியில் இருக்கும். அந்த ஈரம் கார்ப்பெட்டின் மேலே காய்ந்துவிடும், அடியில் இருக்கும் பஞ்சில் மாதக்கணக்கில் நிற்கும். வாடை அங்கிருந்துதான் வருகிறது. வாசனை டப்பா தொங்கவிட்டால் ஈரச் சாக்கும் எலுமிச்சையும் கலந்த மூன்றாவது வாடை ஒன்று வரும், அவ்வளவுதான்.

முதலில் பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றிவிட்டு 90 விநாடியாவது காத்திருங்கள். ஏர்பேக்குக்கு உள்ளே தேங்கியிருக்கும் மின்சாரம் இறங்க அந்த நேரம் வேண்டும். வயர்களை இணைக்கும் செருகிதான் கப்ளர்; மஞ்சள் நிறக் கப்ளர் எதைக் கண்டாலும் அது ஏர்பேக் சம்பந்தப்பட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரி இணைப்பில் இருக்கும்போது அதைத் தொடவே கூடாது. சீட்டுக்கு நான்கு போல்ட். அவிழ்த்ததும் அவசரமாகத் தூக்காதீர்கள், அடியில் வயர் இருந்தால் கப்ளரைப் பிரித்துவிட்டுத் தூக்குங்கள். எங்கள் வண்டியில் சீட் ரெயிலுக்குள் ஒரு நூறு யென் நாணயமும் முழுசாகக் காய்ந்த ஒரு வெற்றிலைச் சுருளும் கிடந்தன. ஜப்பான்காரர் ஒருவரும் நம் ஊர்க்காரர் ஒருவரும் விட்டுப்போனது.

கதவடியில் இருக்கும் படிப்பட்டையை நேர் மேலே இழுத்தால் கிளிப் விட்டுவிடும். கார்ப்பெட்டின் ஓரத்தைத் தூக்கி, அடியில் செங்கல் வைத்து, நாலு கதவையும் திறந்து இரண்டு நாள் வெயிலில் விடுங்கள். மின்விசிறி வைக்கலாம் என்றுதான் நானும் நினைத்தேன், கரண்ட் இருக்கும் நேரத்தை நம்பி அதில் இறங்கவேண்டாம்.

இடப்பக்க முன் இருக்கையின் காலடி மட்டும் திரும்பத் திரும்ப ஈரமானால் திஞ்சானைத் திட்டாதீர்கள். வலப்பக்க ஸ்டியரிங் வண்டிகளில் ஏசியின் குளிர்ப்பெட்டி இடப்பக்கம், குளோவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கிறது. அதிலிருந்து தண்ணீர் வெளியே போகும் ரப்பர்க் குழாய் அடைத்துக்கொண்டால் தண்ணீர் உள்ளே வழியும். வண்டிக்கு அடியில் குழாயின் வாயைத் தேடி மெல்லிய கம்பியால் மெதுவாகக் குத்திவிட்டால் ஒரு டம்ளர் அழுக்குத் தண்ணீர் கொட்டும். தள்ளி உட்கார்ந்துகொள்ளுங்கள், நான் முகத்தில் வாங்கினேன்.

குளோவ் பாக்ஸின் இரு பக்கச் சுவரையும் உள்ளே அழுத்தினால் அது கீழே சாயும், ஏசி ஃபில்டர் தெரியும். மாற்றிவிடுங்கள். பூஜையில் டாஷ்போர்டில் சிந்திய குங்குமத்தை ஈரத்துணியால் துடைக்காதீர்கள், சாயம் இறங்கிவிடும். காய்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுத்துவிட்டு அப்புறம் துடையுங்கள். பளபளவென்று மின்னும் பாலிஷும் வேண்டாம். ஏப்ரல் வெயிலில் அந்தப் பளபளப்பு முன் கண்ணாடியில் தெரிந்து சாலையை மறைக்கும்.

இரண்டாம் மாதம்: வெளிச்சம்

1970-ல் இந்த நாடு சாலையின் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாறியது. வண்டிகளோ பெரும்பாலும் ஜப்பானிலிருந்து வந்த வலப்பக்க ஸ்டியரிங். ஆகவே ஓட்டுபவர் நடைபாதைப் பக்கம் உட்கார்ந்திருப்பார், அம்மா இறங்கும் இடக்கதவு ஓடும் வண்டிகளுக்கு நடுவில் திறக்கும். உள்ளே என்ன விளக்கு போடலாம் என்று கேட்டால், ஊதாவும் நீலமும் அப்புறம், முதலில் இடக்கதவுகள் இரண்டின் ஓரத்திலும் கதவு திறந்தால் எரியும் சிவப்பு விளக்கு என்பேன். வயர் இழுக்கத் தெரியாவிட்டால் காந்தம் வைத்த பேட்டரி விளக்குகள் இருக்கின்றன, ஒட்டினால் முடிந்தது. செலவு மிகக் குறைவு. இந்த வண்டியில் நான் செய்ததிலேயே உருப்படியான வேலை இதுதான்.

கூரை விளக்கின் பல்பை எல்இடியாக மாற்றுவது ஐந்து நிமிட வேலை. மூடியை நெம்பி, பல்பின் நீளத்தை அளந்து, அதே அளவில் வாங்குங்கள். மாட்டியும் எரியவில்லை என்றால் கடைக்கு ஓடாதீர்கள், திருப்பிப் போடுங்கள். எல்இடிக்குப் பிளஸ் மைனஸ் பக்கம் உண்டு.

மூன்றாம் மாதம்: பாட்டு

வண்டியோடு வந்த ஜப்பான் ரேடியோ செட்டில் மெனு ஜப்பானிய மொழியில் இருக்கும், அதைச் சகித்துக்கொள்ளலாம். ஆனால் பழைய செட்டுகளின் எஃப்எம் 76-லிருந்து 90 மெகாஹெர்ட்ஸோடு நின்றுவிடும். அதற்கு மேல் இங்கே ஒலிபரப்பாகும் எதுவும் கேட்காது. அலைவரிசையைக் கீழே இறக்கித்தரும் பேண்ட் எக்ஸ்பேண்டர் என்று ஒரு சின்னப் பெட்டியை ஆண்டெனா வயரில் மாட்டிச் சமாளிக்கலாம், ஆனால் திரையில் ஒரு எண் இருக்கும், கேட்பது வேறு ஸ்டேஷனாக இருக்கும். என் யோசனை, செட்டையே மாற்றிவிடுங்கள்.

வாங்குமுன் டாஷ்போர்டுத் துளையின் அகலத்தை அளந்துகொள்ளுங்கள். டொயோட்டாவின் துளை பெரும்பாலும் 200 மில்லிமீட்டர், பொதுச் சந்தைச் செட் 178. அளக்காமல் வாங்கினால் இரு பக்கமும் சுண்டுவிரல் நுழையும் இடைவெளி பல்லிளிக்கும். அதை மூடும் ஓரப்பட்டையையும் சேர்த்துக் கேளுங்கள். கூடவே 10 முள், 6 முள் உள்ள டொயோட்டா கப்ளர் வயரும் வாங்கினால் ஒரிஜினல் வயரை வெட்டவே வேண்டாம்.

புது செட்டில் மஞ்சள் வயர் எப்போதும் மின்சாரம் வேண்டியது, சிவப்பு சாவி திருப்பினால் மட்டும், கறுப்பு எர்த். என் முதல் செட்டை மாட்டித்தந்த கடைக்காரர் மஞ்சளையும் சிவப்பையும் சேர்த்து முறுக்கி ஒரே இடத்தில் கொடுத்துவிட்டார். பாட்டு பிரமாதம். மூன்றாம் நாள் காலை சாவியைத் திருப்பினால் "டிக்" என்ற சத்தத்தோடு சரி. செட் இரவெல்லாம் விழித்திருந்து பேட்டரியைக் குடித்திருக்கிறது. டெஸ்டரை வைத்து, சாவியை எடுத்தபின் சிவப்பில் மின்சாரம் வருகிறதா என்று ஒரு முறை பார்த்தால் இந்தக் கூத்து இல்லை.

அப்புறம்: கதவின் சத்தம்

கதவுத் தகட்டைத் தட்டிப் பாருங்கள், எண்ணெய் டின் போல ஒலிக்கும். உள்ளே அதிர்வை அடக்கும் ப்யூட்டைல் ரப்பர் ஷீட் ஒட்டினால் அடங்கும். தகடு முழுக்க ஒட்டவேண்டியதில்லை, மூன்றில் ஒரு பங்கு போதும். விலை குறைவு என்று கூரைக்கு ஒட்டும் தார் ஷீட்டை ஒரு கதவில் ஒட்டிப் பார்த்தேன். ஏப்ரலில் அது உருகி வழிந்து, வண்டியே புதிதாகப் போட்ட ரோடு மாதிரி மணத்தது. சுரண்டி எடுக்க இரண்டு ஞாயிறு போயிற்று.

கதவின் பிளாஸ்டிக் பலகையைக் கழற்றியதும் ஒரு மெல்லிய தாள் ஒட்டியிருக்கும். அதைக் கிழித்துவிடாதீர்கள், கண்ணாடி வழியே கதவுக்குள் இறங்கும் மழைநீரை வண்டிக்குள் வராமல் தடுப்பது அதுதான். கதவின் அடிவிளிம்பில் இருக்கும் துளைகளையும் ஷீட்டால் மூடிவிட வேண்டாம்.

சீட் கவர் கடைசியில்தான்

எல்லோரும் முதலில் வாங்குவது இது. சீட்டைக் கழற்றி மாட்டும் வேலை எல்லாம் முடிந்தபின் போட்டால்தான் கிழியாமல் இருக்கும். ரெக்சின் துடைக்க வசதி, ஆனால் வெயிலில் முதுகு ஒட்டும். லுங்கி கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் பிரேக் போடும்போது அப்படியே முன்னால் வழுக்கும். எங்கள் மாமா இரண்டு தரம் வழுக்கியபின் காற்றோடும் வலைத்துணிக்கு மாறிவிட்டேன். சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் என்று சின்னப் பட்டி தைத்திருந்தால் அந்தப் பக்கம் மூடாத கவராகப் பார்த்து வாங்குங்கள்.

நோட்டில் இந்த மாதப் பக்கத்தில் ஒரே வரிதான் இருக்கிறது: பின் இடக்கதவு, மேட்டில் ஏறினால் டக் டக், கிளிப் 2 வாங்கணும்.