ஏப்ரலில் வேலை, நவம்பரில் முதல் ஆட்டம்: புதிய தலைமைப் பயிற்சியாளரிடம் சேரும் உதவிப் பயிற்சியாளருக்கு

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் பயிற்சியாளர் நாற்காலிகள் மார்ச் நடுவில் ஆட ஆரம்பித்தால் ஏப்ரல் கடைசியில்தான் நிற்கும். புதிய தலைமைப் பயிற்சியாளர் மேடையில் ஜெர்ஸியைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொள்ளும் நேரத்தில், அவர் கூட்டி வந்தவர்கள் வெளியே போனைக் காதில் வைத்தபடி நடந்துகொண்டிருப்பார்கள். அலுவலகச் சாவி வந்திருக்காது, பல்கலைக்கழக மின்னஞ்சல் திறந்திருக்காது. வீரர்கள் வேறு கல்லூரிக்கு மாறுவதற்கான கெடு மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். 2024 ஏப்ரலில் மார்க் போப் கென்டக்கி பல்கலைக்கழகத்துக்குத் தலைமைப் பயிற்சியாளராக வந்தபோது, முந்தைய பருவத்தில் ஆடிய ஸ்காலர்ஷிப் வீரர் ஒருவர்கூட மிஞ்சவில்லை. புதிதாகக் கூட்டிச் சேர்த்த அந்த அணிதான் அடுத்த மார்ச்சில் தேசியப் போட்டித் தொடரின் கடைசிப் பதினாறு அணிகளில் ஒன்றாக நின்றது.

இங்கே சொல்வது என்.சி.ஏ.ஏ. (கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமெரிக்க அமைப்பு) முதல் பிரிவு ஆண்கள் கூடைப்பந்துக்கு. பெண்கள் அணிகளுக்கு ஆள் சேர்ப்புத் தேதிகளும் சில விதிகளும் வேறு.

கையெழுத்துக்கு முன்

சம்பளத் தொகையைப் பார்ப்பதற்கு முன் மூன்று கேள்விகள். தலைமைப் பயிற்சியாளரை நீக்கினால் என் ஒப்பந்தம் என்ன ஆகும்? நானே விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும்? என்னை நீக்கிய பிறகு வேறு வேலை கிடைத்தால், பாக்கிச் சம்பளத்தில் அதைக் கழித்துக்கொள்வார்களா? மூன்றாவதைப் பெரும்பாலும் யாரும் படிப்பதில்லை. நீக்கப்படும் நாளில்தான் கண்ணில் படும். தலைமைப் பயிற்சியாளரின் ஒப்பந்தத்தில் உதவியாளர்களுக்கென்று மொத்தமாக ஒரு தொகை ஒதுக்கியிருப்பது வழக்கம். அரசுப் பல்கலைக்கழகம் என்றால் அந்த ஒப்பந்தத்தைப் பெரும்பாலும் கேட்டுப் பெறலாம். மொத்தம் எவ்வளவு, உங்களுக்கு முன் எத்தனை பேர் எடுத்துவிட்டார்கள் என்று தெரிந்தபின் பேரம் பேசுவது வேறு மாதிரி இருக்கும்.

வீடு மாற்றும் செலவைத் தருகிறோம் என்பார்கள். 2018 முதல் அது மத்திய வரியில் வருமானமாகக் கணக்காகிறது. வரியையும் சேர்த்துத் தருகிறார்களா என்று கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, வெளியூர் போய் வீரர்களைப் பார்க்கும் உரிமை உங்களுக்கு உண்டா? 2023 ஜூலையில் உதவிப் பயிற்சியாளர் எண்ணிக்கை மூன்றிலிருந்து ஐந்தானது. கூடுதலாக வந்த இரண்டு இடங்கள் மைதானத்தில் பயிற்சி தர மட்டும். வெளியே போய் ஆள் சேர்க்க அல்ல என்றுதான் அந்த விதி வந்தது. எந்த இடத்தில் உங்களை வைக்கிறார்கள் என்பது அடுத்த வேலைக்கான உங்கள் விண்ணப்பத்தையே மாற்றும்.

முதல் 72 மணி நேரம்

முதலில் போக வேண்டிய இடம் கம்ப்ளையன்ஸ் அலுவலகம், அதாவது விதிகள் மீறப்படாமல் பார்த்துக்கொள்ளும் பிரிவு. அங்கே படிவங்கள் முடிந்து உங்கள் பெயர் பதிவாகும்வரை வீரர்கள் யாருக்கும் போன் போடாதீர்கள். 2023 ஜனவரி முதல் நடக்கும் விதிமீறல்களுக்குத் தலைமைப் பயிற்சியாளர் “எனக்குத் தெரியாது” என்று சொல்லித் தப்ப முடியாது. நீங்கள் அனுப்பும் ஒரு குறுஞ்செய்திக்கு அவர் சில ஆட்டங்கள் வெளியே உட்கார வேண்டி வரலாம்.

பிறகு மூன்று பட்டியல்: இருக்கிற வீரர்கள், பழைய பயிற்சியாளரிடம் கையெழுத்திட்டு இன்னும் வந்து சேராதவர்கள், போர்ட்டலில் (வேறு கல்லூரிக்கு மாற விரும்பும் வீரர்களின் பதிவேடு) பெயர் போட்டிருப்பவர்கள். இதே வரிசையில் பேசுங்கள். நடைமுறையில் பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். போர்ட்டலில் ஒரு பெரிய பெயரைத் துரத்திக்கொண்டு நான்கு நாள் ஓடிவிட்டு வந்து பார்த்தால், ஆட்டத்தை நடத்தும் சொந்த பாயிண்ட் கார்டு கிளம்பியிருப்பார்.

இருக்கிற வீரரிடம் நேரில், இருபது நிமிடம் போதும். என்ன படிக்கிறீர்கள், உடம்பில் எங்கே வலி, போன வருஷம் உங்களை எங்கே தவறாகப் பயன்படுத்தினார்கள், வீட்டில் முடிவெடுப்பவர் யார். கடைசிக் கேள்விக்கு வரும் பதில்தான் அடுத்த போனை யாருக்குப் போடுவது என்று சொல்லும். சிலருக்கு அம்மா, சிலருக்கு உயர்நிலைப் பள்ளிப் பயிற்சியாளர், இப்போது நிறையப் பேருக்கு ஏஜென்ட். எத்தனை நிமிடம் ஆடவைப்போம் என்ற வாக்குறுதியைத் தராதீர்கள். அந்த வாக்கு தலைமைப் பயிற்சியாளருடையது.

போகத்தான் போகிறேன் என்பவரிடம் கோபப்படுவதில் பயனில்லை, ஆனால் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. ஏப்ரலில் வகுப்புக்குப் போவதை நிறுத்திவிட்டுக் கிளம்பும் வீரர், வீரர்களின் படிப்பை வைத்து அணிக்குத் தரப்படும் கல்விமுன்னேற்றப் புள்ளியையும் கூடவே எடுத்துக்கொண்டு போவார். நான்கு ஆண்டுச் சராசரி 930-க்குக் கீழே போனால் மார்ச் போட்டிகளிலேயே இடமில்லை. ஆகவே கிளம்புபவரையும் தேர்வு எழுதவைத்து அனுப்ப வேண்டும். உதவிப் பயிற்சியாளர்களில் ஒருவர் கல்வி ஆலோசகரோடு உட்கார்ந்து தினமும் வருகையைப் பார்ப்பதைத் தவிர இதற்கு வேறு வழி கிடையாது.

மாட்டிக்கொள்ளும் இடங்கள்

உங்கள் பழைய கல்லூரி வீரர் இரவு பதினொரு மணிக்குச் செய்தி அனுப்புவார்: “கோச், அங்கே எனக்கு இடம் இருக்குமா?” அவர் பெயர் போர்ட்டலில் இல்லாதவரை, இதற்கு ஆசையைக் கிளறும் எந்தப் பதிலும் விதிமீறல். “பெயர் போடும்வரை இதைப் பேச முடியாது” என்று ஒரு வரி அனுப்பிவிட்டு, அந்தச் செய்தியைப் படம் எடுத்துக் காலையில் கம்ப்ளையன்ஸுக்கு அனுப்புங்கள். அவருடைய மாமாவிடமோ பழைய பயிற்சியாளரிடமோ சொல்லி அனுப்புவதும் அதே குற்றம்தான்.

போர்ட்டல் திறந்திருக்கும் நாட்கள் வருடா வருடம் மாறிவருகின்றன. 2022-இல் 60 நாளாக இருந்தது 45 ஆகி, பிறகு 30 ஆகச் சுருங்கியது. பயிற்சியாளர் மாறிய அணிக்குத் தனிக் கெடுவும் உண்டு. போன வருஷக் கணக்கை வைத்துக்கொண்டு குடும்பத்திடம் தேதி சொல்லாதீர்கள்.

பணப் பேச்சு. 2025 ஜூலை முதல் கல்லூரிகளே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். 2025-26-க்கு உச்சவரம்பு ஒரு பல்கலைக்கழகத்தின் எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து சுமார் 2.05 கோடி டாலர். அதில் கூடைப்பந்துக்கு எவ்வளவு என்பது உள் விவகாரம். வெளி நிறுவனங்களோடு வீரர் போடும் 600 டாலர் அல்லது அதற்கு மேற்பட்ட விளம்பர ஒப்பந்தங்கள் தனிச் சரிபார்ப்புக்குப் போகும். இப்போது பல அணிகளில் இதற்கென்றே பொது மேலாளர் இருக்கிறார். தொகை சொல்வது ஒரே ஒரு வாயிலிருந்து வர வேண்டும். அது உங்கள் வாய் இல்லை என்றால் “அதை அவர் பேசுவார்” என்று நகர்ந்துவிடுங்கள். இரண்டு உதவியாளர்கள் இரண்டு தொகை சொன்னால் ஏஜென்ட் பெரியதைப் பிடித்துக்கொண்டு தொங்குவார்.

வீரரை ஒரு ஏஜென்ட் பக்கமோ பண ஆலோசகர் பக்கமோ தள்ளிவிடுவதற்காக உங்களுக்கு யாராவது உறை நீட்டினால் அது விதிமீறலைத் தாண்டிக் கிரிமினல் வழக்கு. 2017 செப்டம்பரில் எஃப்.பி.ஐ. நான்கு பல்கலைக்கழகங்களின் உதவிப் பயிற்சியாளர்கள் நால்வரைக் கைது செய்தது இதற்காகத்தான்.

ஒரே சொல், ஒரே பொருள்

புதிய பயிற்சிக் குழு தோற்கும் முதல் இடம் சொற்கள். இதை யாரும் நம்புவதில்லை.

ஒரு காட்சி. எதிரணிக் கார்டு வலது பக்கவாட்டில் பந்தோடு நிற்கிறார், உயரமான வீரர் அவருக்கு ஸ்கிரீன் வைக்க (தடுப்பவரின் வழியை உடம்பால் மறிக்க) மேலே வருகிறார். கார்டைத் தடுக்கும் நம் காவலர் நடுப்பக்கத்தைத் தன் உடம்பால் அடைத்து, பந்தைக் கோட்டுப் பக்கமே தள்ள வேண்டும். பின்னால் நம் உயரமான வீரர் கீழே காத்திருந்து பிடிப்பார். சில அணிகளில் இதற்கு “ஐஸ்”, சில இடங்களில் “புளூ”, சில இடங்களில் “டவுன்”. நீங்கள் ஆறு வருஷம் “டவுன்” என்று கத்திப் பழகியவர். புதிய தலைமைப் பயிற்சியாளரின் அணியிலோ “டவுன்” என்றால் கீழ்ப்பக்கம் ஸ்கிரீன் வருகிறது என்ற எச்சரிக்கை. நீங்கள் பெஞ்சிலிருந்து கத்துகிறீர்கள். காவலர் அரை நொடி கீழே பார்க்கிறார். அந்த அரை நொடியில் பந்து நடுவில் புகுந்துவிட்டது. வீரர் வாங்கிக் கட்டிக்கொள்வார், தப்பு உங்களுடையது.

எனவே மே மாதத்தில் உதவியாளர்கள் எல்லோரும் ஒரு மதியம் உட்கார்ந்து இரண்டு பக்கச் சொற்பட்டியல் தயாரிக்க வேண்டும். தடுப்பாட்டக் கூப்பாடுகள், ஸ்கிரீன் வகைகள், மைதானத்தின் இடப்பெயர்கள், கோட்டுக்கு வெளியிலிருந்து பந்தை உள்ளே போடும் அமைப்புகள் (முன்கூட்டியே வகுத்த ஆட்டமுறைகள்). ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு வீடியோத் துண்டு. சர்ச்சை வந்தால் தலைமைப் பயிற்சியாளரின் சொல்லே நிற்கும், உங்களுடையது அதைவிட நன்றாக இருந்தாலும். “எங்கள் பழைய இடத்தில்” என்று தொடங்கும் வாக்கியத்தை அன்றோடு விட்டுவிடுவது எல்லோருக்கும் நல்லது.

வேலைப் பங்கீட்டையும் அதே நாளில் ஒரு தாளில் எழுதிவிடலாம். ஒரு வேலைக்கு ஒரு பெயர். தடுப்பாட்டம், தாக்குதல், கல்வி, ஆள் சேர்ப்புக்கு ஊர் ஊராக யார். “இருவரும் பார்த்துக்கொள்ளுங்கள்” என்று விட்ட வேலையை இருவரும் பார்க்க மாட்டார்கள். குழுவில் முன்னாள் தலைமைப் பயிற்சியாளர் ஒருவர் இருந்தால் இது இன்னும் அவசியம். 2024-இல் டஸ்டி மே தலைமைப் பயிற்சியாளராக மிச்சிகனுக்குப் போனபோது, ஓக்லஹோமா ஸ்டேட்டில் ஏழு பருவம் தலைமை வகித்த மைக் பாய்ன்டனை உதவியாளராகச் சேர்த்தார். முந்தைய பருவத்தில் 8 வெற்றி, 24 தோல்வி கண்டிருந்த மிச்சிகன் அடுத்த பருவத்தில் 27 ஆட்டம் வென்றது. அனுபவம் அதிகமுள்ளவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது பெரிய பலம்தான். வீரர்கள் “இரண்டாவது கருத்து” கேட்க அவரிடம் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டியது அவரே.

கோடைக்கால எட்டு வாரம்

கோடையில் எட்டு வாரம், வாரத்துக்கு 8 மணி நேரம், அதில் மைதானத்தில் திறன் பயிற்சி 4 மணி நேரம். எடை தூக்குவதும் வீடியோ பார்ப்பதும் அந்த எட்டுக்குள்தான். புதியவர்கள் வீடியோவைக் கணக்கில் சேர்க்க மறந்து மாட்டுகிறார்கள். விருப்பப் பயிற்சி என்று பெயர் வைத்தால், யார் வந்தார் யார் வரவில்லை என்ற தகவலே உங்கள் காதுக்கு வரக்கூடாது.

நாலைந்து பேர் கொண்ட குழுவுக்கு நாற்பது நிமிடம் போதும். வளையத்தடியில் முடிப்பது 5, ஓடி வந்து எறிவது 12, ஸ்கிரீனை வைத்து இருவர் ஆட்டம் 12, மூவருக்கு மூவர் 8, களைத்த நிலையில் ஃப்ரீ த்ரோ 3. வரிசையில் நின்று காத்திருக்கும் நேரம் தெரிந்தால் இன்னொரு வளையத்தைத் திறங்கள். முதல் கோடையில் அமைப்புகளை நிறைய ஊட்டும் ஆசை வரும். அதை முழுப் பயிற்சிக்கு வையுங்கள். முதல் ஆட்டத்துக்கு 42 நாள் முன்பு அது தொடங்கும், அதற்குள் 30 நாள் பயிற்சி கிடைக்கும்.

ஸ்கவுட் தாள் (எதிரணி பற்றிய குறிப்பு)

பருவத்தில் முப்பது ஆட்டத்துக்கு மேல் வரும். மூன்று பேர் பிரித்துக்கொண்டால் ஆளுக்குப் பத்து. உங்கள் முறை வரும் எதிரணியின் கடைசி நான்கைந்து ஆட்டங்களை முழுதாகப் பாருங்கள், அதில் ஒன்றாவது உங்களைப் போலவே தடுக்கும் அணிக்கு எதிரானதாக இருக்கட்டும். டைம் அவுட் முடிந்து வந்ததும் என்ன ஆடுகிறார்கள், கோட்டுக்கு வெளியிலிருந்து பந்து போடும்போது யாரைத் தேடுகிறார்கள், அமைப்பின் பெயரை எந்தக் கைச்சைகையால் சொல்கிறார்கள். இவற்றைத் தனியே குறியுங்கள்.

வீரர்களுக்குப் போவது ஒரு பக்கம்தான். முக்கியமான எட்டு எதிரணி வீரர்கள், ஆளுக்கு இரண்டு வரி: எந்தக் கை, எங்கிருந்து எறிவார், எதைப் பறிக்க வேண்டும். வீடியோ பன்னிரண்டு முதல் பதினைந்து நிமிடம். நாற்பது அமைப்புகளைக் கண்டுபிடித்த பெருமையில் நாற்பதையும் காட்டினால் ஐந்துகூட நிற்காது. ஐந்தைத் தேர்ந்தெடுத்து, மாற்று வீரர்களை வைத்துக் கால் மணி நேரம் நடந்து காட்டுங்கள். மீதி முப்பத்தைந்தும் உங்கள் நோட்டில் இருந்தால் போதும்.

பெஞ்சில்

ஒருவர் ஃபவுல் கணக்கு, ஒருவர் தாக்குதல், ஒருவர் தடுப்பாட்டம். 2025-26 முதல் பயிற்சியாளர் நடுவர் முடிவை எதிர்த்து மறுபார்வை கேட்கலாம். பந்து யார் கைபட்டு வெளியே போனது போன்ற சில முடிவுகளுக்கு மட்டும். கையில் டைம் அவுட் இருந்தால்தான் கேட்க முடியும், தோற்றால் அந்த உரிமை அன்றைக்கு முடிந்தது. கேட்கலாமா வேண்டாமா என்று தலைமைப் பயிற்சியாளரிடம் சொல்ல ஒரே ஒருவரை முன்கூட்டியே நியமியுங்கள். நான்கு பேரும் எழுந்து நின்று கத்தினால் அவருக்கு எதுவும் கேட்காது.

இடைவேளை 15 நிமிடம். முதல் நான்கு நிமிடம் உதவியாளர்கள் அறைக்கு வெளியே நின்று பேச வேண்டும், வீரர்கள் தண்ணீர் குடிக்கட்டும். ஆளுக்கு ஒரு விஷயம் சொல்ல, தலைமைப் பயிற்சியாளர் அதில் மூன்றை எடுத்துப் பலகையில் எழுதுவார். உங்களுடையது அந்த மூன்றில் இல்லை என்றால், உள்ளே போய் வீரர் காதில் தனியாகச் சொல்லாதீர்கள்.