நாகனோ மலைகளில் இலையுதிர்காலம்: பயணத்திலும் சாப்பாட்டிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜப்பானின் நாகனோ மாநிலத்துக்கு இலையுதிர்காலத்தில் செல்ல விரும்புகிறவர்கள் "எந்த மாதம் போகலாம்?" என்று கேட்பது வழக்கம். அந்தக் கேள்வியிலேயே முதல் தவறு ஒளிந்திருக்கிறது. கடற்கரையே இல்லாத, எட்டு மாநிலங்கள் சூழ்ந்த இந்த மலைநாட்டில் 3,000 மீட்டரைத் தாண்டும் சிகரங்களும் இருக்கின்றன, 400 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் கிடக்கும் பள்ளத்தாக்கு நகரங்களும் இருக்கின்றன. நூறு மீட்டர் ஏறினால் வெப்பநிலை ஏறக்குறைய 0.6 டிகிரி குறையும் என்பதால், இலைகளின் நிறமாற்றம் செப்டம்பர் கடைசியில் உச்சியில் தொடங்கி, ஒன்றரை மாதம் எடுத்துக்கொண்டு, படிப்படியாகக் கீழே இறங்கி வருகிறது. எனவே இங்கே கேட்க வேண்டியது "எந்த உயரம்?" என்பதுதான்.

கொமாகாதாகே மலையில் கம்பிவட ஊர்தி கொண்டு சேர்க்கும் சென்ஜோஜிக்கி 2,612 மீட்டரில் இருக்கிறது. அங்கும், 2,300 மீட்டர் உயரத்தில் கிண்ணம்போல் குழிந்த காராசாவாவிலும், நிறம் உச்சத்தில் இருப்பது செப்டம்பர் இறுதியிலிருந்து அக்டோபர் முதல் வாரம் வரைதான். 1,200 மீட்டர் அளவிலுள்ள தொகாகுஷிக் காடுகளில் அக்டோபர் நடுப்பகுதிக்கு மேல் சிவக்கும். 1,500 மீட்டரிலுள்ள காமிகோச்சி பள்ளத்தாக்கில் லார்ச் மரங்கள் அக்டோபர் பிற்பாதியில் மஞ்சள் பூசிக்கொள்ளும். லார்ச் தாமதமாக மாறும் மரம் என்பதால், உயரக் கணக்கு இங்கே சற்று மீறப்படுவதையும் நினைவில் கொள்ள வேண்டும். மட்சுமோட்டோ கோட்டையைச் சுற்றியுள்ள மரங்களைப் பார்க்க நவம்பர் வரை காத்திருக்க வேண்டும். அக்டோபர் முதல் வாரம் மட்சுமோட்டோ நகரத்திலேயே சுற்றுகிறவர் பச்சை மரங்களைப் பார்த்து ஏமாறுவார். நவம்பர் முதல் வாரம் சென்ஜோஜிக்கிக்கு ஏறுகிறவர் பனியைப் பார்த்து ஏமாறுவார். விடுமுறைத் தேதி முன்கூட்டியே முடிவாகிவிட்டால், அந்தத் தேதிக்குரிய உயரத்தைத் தேர்ந்தெடுப்பதே சரியான வழி. பள்ளத்தாக்கில் ஓர் ஊரில் தங்கிக்கொண்டு, அன்றன்றைய நிலவரம் பார்த்து மேலும் கீழும் போய்வருவது அதைவிட நல்லது.

இதன் தொடர்ச்சியாக இன்னொரு தவறும் நேர்கிறது. கியோட்டோவின் மேப்பிள் மரங்களையும் நாகனோ மலைகளையும் ஒரே வாரத்தில் உச்ச நிறத்தில் பார்த்துவிடலாம் என்று பலர் திட்டமிடுகிறார்கள். கியோட்டோ சிவப்பது நவம்பர் பிற்பாதியில். காமிகோச்சியோ நவம்பர் 15-ஆம் தேதியோடு அந்த ஆண்டுக்கு மூடப்பட்டு, அடுத்த ஏப்ரல் நடுவில்தான் மறுபடி திறக்கப்படுகிறது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியதுதான். கியோட்டோவின் கூட்டத்தை நினைத்தால் நான் மலையைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

வாடகைக் கார் எடுத்தால் எங்கும் போய்விடலாம் என்ற எண்ணமும் இங்கே செல்லாது. காமிகோச்சிக்குள் தனியார் கார்களுக்கு அனுமதியில்லை. மட்சுமோட்டோ பக்கமிருந்து வருகிறவர்கள் சவாண்டோவிலும், கிஃபு மாநிலப் பக்கமிருந்து வருகிறவர்கள் ஹிராயுவிலும் வண்டியை நிறுத்திவிட்டுப் பேருந்திலோ டாக்சியிலோதான் போக வேண்டும். ரயிலில் வருகிறவர்களுக்கு மட்சுமோட்டோவிலிருந்து ஷின்-ஷிமாஷிமா வரை ஒரு சிறு ரயில் பாதையும் அங்கிருந்து பேருந்தும் உண்டு. காமிகோச்சியில் இறங்கியவுடன் முதல் வேலையாகத் திரும்பும் பேருந்தின் கடைசி நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். கப்பா பாலத்தில் படம் எடுத்துவிட்டுப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடுகிறவர்கள், உச்ச நாட்களில் நீண்ட வரிசையின் கடைசியில் நிற்க நேரிடும். அக்டோபரின் இரண்டாவது திங்கட்கிழமையும் நவம்பர் 3-ஆம் தேதியும் ஜப்பானில் அரசு விடுமுறை என்பதால், அவற்றை ஒட்டிய வார இறுதிகளைத் தவிர்ப்பது நல்லது. காராசாவாவுக்குக் காமிகோச்சியிலிருந்து ஏறக்குறைய ஆறு மணி நேரம் நடக்க வேண்டும். படங்களில் பார்த்த அந்தச் சிவப்புக் கிண்ணத்தை ஒரே நாளில் பார்த்துத் திரும்பிவிடலாம் என்று நினைப்பது ஆபத்தான கணக்கு.

இலையுதிர்காலச் சூரியன் கிணற்றில் விட்ட வாளியைப் போல விழும் என்று ஜப்பானியர் சொல்வதுண்டு. கயிறு கையை விட்டு நழுவி வாளி சரசரவென்று இறங்குவதைப் பார்த்த எவருக்கும் இது விளங்கும். அக்டோபர் இறுதியில் நாகனோவில் மாலை ஐந்து மணிக்குள் சூரியன் மறைந்துவிடுகிறது. மேற்கே உயர்ந்த மலை நிற்கும் பள்ளத்தாக்குகளில் வெளிச்சம் அதற்கும் முன்பே போய்விடும். பழைய நகாசெண்டோ நெடுஞ்சாலையில் மகோமேயிலிருந்து சுமாகோ வரையிலான சுமார் 8 கிலோமீட்டர் நடை மூன்று மணி நேரம் பிடிக்கும். மதிய உணவை ஆற அமர முடித்துவிட்டு இரண்டரை மணிக்குப் புறப்படுகிறவர், தேவதாரு நிழலில் இருட்டோடு நடக்க வேண்டிவரும். அந்தப் பாதையோரம் ஆங்காங்கே தொங்கும் மணிகளை அடித்துவிட்டுப் போவது விளையாட்டுக்காக அன்று. குளிர்கால உறக்கத்துக்கு முன் உடலில் கொழுப்பைச் சேர்க்கும் கரடிகள் அதிகமாகத் திரியும் பருவம் இதுதான். ஓக் மரக்கொட்டைகள் சரியாகக் காய்க்காத ஆண்டுகளில் அவை ஊர்களுக்குள்ளும் இறங்கி வருகின்றன. அதிகாலையிலும் அந்தியிலும் தனியாக, ஓசையின்றி நடப்பதைத் தவிர்க்க வேண்டும்.

இலையுதிர்காலம் புயல் பருவமும்கூட. 2019 அக்டோபரில் ஹகிபிஸ் புயல் கொட்டிய மழையில் சிக்குமா ஆற்றின் கரை உடைந்து, நாகனோ நகரின் புறப்பகுதிப் பணிமனையில் நின்றிருந்த பத்து ஷின்கான்சென் அதிவேக ரயில்கள் நீரில் மூழ்கின. மலையிலிருந்து இறங்கும் நாளன்றே விமானம் ஏறுவதாகத் திட்டமிடாமல், இடையில் ஒரு நாளை விட்டுவைப்பது புத்திசாலித்தனம். உடையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அக்டோபர் இறுதியில் காமிகோச்சியின் காலை உறைநிலையைத் தொடும், கழற்றிப் போட வசதியாக அடுக்கடுக்காக உடுத்திச் செல்லவும்.

இனி உணவுக்கு வருவோம். நாகனோவின் பழைய பெயர் ஷினானோ. உணவுப் பொருட்களில் இன்றும் ஷின்ஷு என்ற பெயரே வழங்குகிறது. ஷின்ஷு என்றதும் ஜப்பானியருக்கு நினைவுக்கு வருவது சோபா என்னும் நூடுல்ஸ். வட இந்தியாவில் விரத நாட்களில் உண்ணும் குட்டு மாவும் சோபா நூலின் மாவும் பக்வீட் என்ற ஒரே தானியத்திலிருந்து வருபவை. நெல் செழிக்காத உயரத்திலும் விளையும், விதைத்த எழுபத்தைந்து நாட்களில் கைக்கு வந்துவிடும் என்பார்கள். கோடையில் விதைத்ததை இலையுதிர்காலத்தில் அறுத்து அரைத்த புது மாவில் செய்வதே 'ஷின்-சோபா'. செப்டம்பரிலேயே போய் அதைத் தேடுவது தவறு. அக்டோபர் பிற்பாதியிலிருந்து நவம்பர் வரை, கடை வாசலில் அதற்கான அறிவிப்பு தொங்கும்போதுதான் கேட்க வேண்டும். தொகாகுஷியில் சோபாவைச் சிறு சிறு கைப்பிடிகளாகச் சுருட்டி, வட்டமான மூங்கில் தட்டில் வரிசையாக வைத்துத் தருவார்கள். குளிர்கிறதே என்று சூடான குழம்பில் போட்ட சோபாவைக் கேட்பதில் குற்றமில்லை, ஆனால் புது மாவின் மணம் குளிர்ந்த நீரில் அலசிய நூலில்தான் தெரியும். முதல் வாயை எதிலும் தோய்க்காமல் உண்டு பார்க்கலாம். பிறகு நூலின் நுனியை மட்டும் தொட்டுச் சாற்றில் தோய்த்தால் போதும். முடிவில் நூல் வெந்த நீரைச் 'சோபாயு' என்று ஒரு பாத்திரத்தில் கொண்டுவந்து வைப்பார்கள். நம் வீட்டில் சோறு வடித்த கஞ்சியைப் போன்ற அதை மிச்சமிருக்கும் சாற்றில் ஊற்றிக் குடிக்க வேண்டும். கை கழுவும் நீர் என்று நினைத்துவிடக் கூடாது. அன்றைக்குப் பிசைந்த மாவு தீர்ந்ததும் பல கடைகள் பிற்பகலிலேயே கதவைச் சாத்திவிடும் என்பதால், இரண்டு மணிக்கு மேல் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுகிறவர்கள் பட்டினியாகத் திரும்புவார்கள்.

சைவ உணவு மட்டுமே உண்பவர்கள் பெரும்பாலும் தவறுவது இந்த இடத்தில்தான். சோபா நூலில் மாவும் நீரும் மட்டுமே. தொட்டுக்கொள்ளும் சாறோ உலர்த்திய கட்சுவோ மீனைச் சீவி, கொதிக்கவைத்து எடுத்த 'தாஷி' என்னும் நீரில் செய்தது. "இறைச்சி வேண்டாம்" என்று சொன்னால் கடைக்காரர் மாட்டையும் பன்றியையும் நினைத்துத் தலையாட்டுவார். மீன் சாறு அவர் கணக்கில் இறைச்சியே இல்லை. "மீனிலிருந்து எடுத்த தாஷியும் வேண்டாம்" என்று ஜப்பானிய மொழியில் எழுதிய ஒரு சீட்டைக் கையில் வைத்திருப்பது அவசியம். சாற்றை முன்பே காய்ச்சி வைத்துவிடுவதால், அந்த நேரத்தில் மாற்றித் தருவது அவர்களால் இயலாது. உப்புத் தர முடியுமா என்று கேட்டுப் பார்க்கலாம். ஈனா பகுதியின் தகாதோவில் காரமான முள்ளங்கியைத் துருவிப் பிழிந்த சாற்றில், மிசோ என்னும் புளித்த சோயா விழுதைச் சுட்டுக் கரைத்துச் சோபாவுக்குத் தொட்டுக்கொள்ளும் பழைய வழக்கம் இருக்கிறது. அங்கும் சில கடைகள் வழக்கமான சாற்றைக் கலப்பதால் கேட்டுவிட்டே உண்ண வேண்டும். மாவுருண்டைக்குள் காய்கறியோ இனிப்புப் பயறோ வைத்துச் செய்யும் 'ஒயாகி'யில் இனிப்புப் பயறு வைத்தது நம்பிக்கையானது. காய்கறி வைத்ததில் தாஷி சேர்ந்திருக்கக்கூடும். நாகனோ நகரின் சென்கோஜி கோயிலைச் சுற்றி 39 தங்குமடங்கள் உள்ளன. துறவிகளின் மரக்கறி உணவான 'ஷோஜின்' சாப்பாட்டுக்கு அவை பேர்போனவை. ஆயினும் முன்பதிவு இல்லாமல் போய் நிற்பதும், இன்றைக்கு அங்கே பரிமாறுவது எல்லாமே மீனற்றது என்று கேட்காமலே நம்புவதும் தவறு. சோபா சிலருக்குக் கடுமையான ஒவ்வாமை தரும் தானியம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒவ்வாமை உள்ளவர் அதே கடையில் கோதுமை மாவில் செய்த 'உதோன்' நூலைக் கேட்பதாலும் தப்ப முடியாது. இரண்டையும் ஒரே கொப்பரை நீரில் வேகவைக்கும் கடைகள் உண்டு.

காளான் பருவமும் இதுவே. பெரும்பாலும் சிவப்புப் பைன் மரத்தின் வேரோடு சேர்ந்து வளரும் மட்சுதாகே காளானைத் தோட்டப் பயிராக வளர்க்க இன்றுவரை முடியவில்லை. ஜப்பானில் அதன் விளைச்சலில் முன்னிற்பது நாகனோ. உயேதா பகுதியின் மலைச்சரிவுகளில் அந்தப் பருவத்துக்கு மட்டும் திறக்கும் காளான் குடில்களில் சோற்றிலும் குழம்பிலும் சுட்டும் அதைப் பரிமாறுகிறார்கள். மழை பொய்த்த ஆண்டில் விலை எகிறும், முன்பதிவும் கிடைக்காது. காட்டில் நடக்கும்போது தென்பட்ட காளானைப் பறிப்பது மட்டும் கூடவே கூடாது. கயிறும் அறிவிப்புப் பலகையும் கட்டிய மலைகளில் பறிக்கும் உரிமை உள்ளூராருடையது. நச்சுக் காளான்களால் உயிருக்கே ஆபத்து நேரலாம்.

பழத்தோட்டங்களில் நேரும் தவறு சிறியது, ஆனால் அடிக்கடி நேர்வது. ஃபூஜி ஆப்பிளின் பெயரை மட்டும் அறிந்தவர்கள் அக்டோபர் தொடக்கத்திலேயே அதைக் கேட்பார்கள். ஃபூஜி மரத்தில் முழுமையாகப் பழுப்பது நவம்பரில். அதற்கு முன் செப்டம்பர் கடைசியில் அக்கிபாயே, அக்டோபரில் ஷினானோ ஸ்வீட், அதன் பின்னாலேயே மஞ்சள் தோலுள்ள ஷினானோ கோல்ட் என்று இம்மாநிலத்தில் உருவான வகைகள் வரிசையாக வருகின்றன. வெளியூர்க் கடைகளில் எளிதில் அகப்படாத இவற்றை விட்டுவிட்டு ஃபூஜியைத் தேடுவது வீண். ஓவியர் ஹொக்குசாய் தம் எண்பதுகளில் வந்து தங்கி வரைந்த ஒபுசே என்ற சிற்றூர் கஷ்கொட்டைக்குப் பெயர்பெற்றது. அங்கே இனிப்புகளை மட்டும் வாங்கிக்கொண்டு கிளம்பாமல், கஷ்கொட்டை போட்டு ஆவியில் வேகவைத்த பசையரிசிச் சோற்றையும் உண்ண வேண்டும். என் நாக்குக்கு அதுதான் மேல்.

ஈனா பள்ளத்தாக்கில் வெட்டுக்கிளியையும் குளவிப் புழுவையும் சோயா சாற்றிலும் சர்க்கரையிலும் சுண்டவைத்து விற்பார்கள். கடலுக்குத் தொலைவில் மீன் அரிதாக இருந்த ஊர்களின் புரத உணவு அது. முகம் சுளித்துப் படமெடுத்துச் சிரிப்பது அநாகரிகம். மழைக்குப் பின் ஈசல் பிடித்து வறுத்துத் தின்ற ஊர்களிலிருந்து போகும் நமக்கு அதில் வியப்புக்கும் இடமில்லை. வேண்டாமென்றால் கிசோவிலும் ஈனாவிலும் அக்ரூட்டும் மிசோவும் தடவிச் சுட்ட கோஹெய் மோச்சி என்னும் அரிசிப் பண்டம் கிடைக்கும்.

விடுதிகளில் இரவு உணவு ஆறு மணி அல்லது ஆறரைக்கு என்றால் அந்த நேரத்துக்குத்தான். எட்டு மணிக்கு வந்து சேர்ந்தால் ஊரில் வேறு கடையும் திறந்திருக்காது. மலைப் பேருந்துகளிலும் சிறு கடைகளிலும் கடன் அட்டை செல்லாமல் போகலாம். ஆயிரம் யென் நோட்டுகளைக் கைவசம் வைத்திருக்க வேண்டும்.

நவம்பரில் தென் நாகனோவின் ஈடா பக்கம் போகிறவர்கள், தோலுரித்துக் கயிற்றில் கோத்த பெர்சிமன் பழங்கள் ஆரஞ்சுத் திரைபோல வரிசையாகத் தொங்குவதைக் காண்பார்கள். 'இச்சிதா-காக்கி' என்னும் அந்தப் பழத்தை அப்போதே வாங்கித் தின்ன நினைப்பவர்களும் உண்டு. அது காய்ந்து, சர்க்கரை வெளியே பூத்து, வெண்மாவு படிந்து கடைக்கு வருவது பெரும்பாலும் டிசம்பரை ஒட்டித்தான். இலைகளுக்காக வந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டுத்தான் ஊர் திரும்ப வேண்டியிருக்கும்.