நெஞ்சுப் பலகையும் இழுவை யானையும்: சிறு பட்டறையில் செய்யும் முறை

இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள அறுகம்பையில் அலைச்சறுக்கல் (சேர்பிங்) பருவம் ஏப்ரல் மாதக் கடைசியில் தொடங்கி ஒக்டோபர் வரை நீடிக்கிறது. அதை அடுத்த பொத்துவிலில் தச்சுவேலை செய்யும் எங்களிடம் அப்போதெல்லாம் மரத்தில் அலைப்பலகை செய்ய முடியுமா என்று கேட்டு வருவார்கள். செய்யலாம். ஆனால் ஆளுயரப் பலகையை முதல் வேலையாக எடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து. அமெரிக்கரான டொம் பிளேக் 1932இல் காப்புரிமை பெற்ற உட்குழிப் பலகை முறையில், உள்ளே விலாச் சட்டங்களை நிறுத்தி, மேலும் கீழும் மெல்லிய பலகையை ஒட்ட வேண்டும். ஒரு பொருத்து பிசகினாலும் உள்ளே தண்ணீர் புகுந்துவிடும். வெயிலில் உள்ளிருக்கும் காற்று விரிந்து பொருத்துகளை நெம்பாதிருக்க, திறந்து மூடும் ஆணியடைப்பு ஒன்றும் தேவைப்படும். கை பழகும்வரை, ஹவாய்த் தீவினர் பைப்போ என்று அழைக்கும் நெஞ்சுப் பலகையே போதும். 4 அடி நீளமும் 20 அங்குல அகலமும் 18 மில்லிமீற்றர் தடிப்பும் உள்ள இதன்மேல் நெஞ்சை வைத்துப் படுத்தபடியே அலையில் போகலாம்.

மரம் இலேசாக இருக்க வேண்டும். முதிரையும் பாலையும் வீட்டுக்கும் வண்டிக்கும் நல்லவை, இந்த வேலைக்கு அவற்றின் பாரம் ஆகாது. சிங்களத்தில் லுணுமிதெல்ல என்று சொல்லும் மலைவேம்பு பொருத்தமானது. மரக்காலையில் பலகை பொறுக்கும்போது கணுவும் வெளிறும் (வைரமில்லாத வெளிமரமும்) இல்லாதவற்றை எடுத்து, ஒரு முனையில் கண்ணை வைத்து நீளவாக்கில் பார்த்தால் முறுக்கு இருந்தால் தெரிந்துவிடும்.

இனிச் சொல்வதுதான் முழு வேலையையும் தீர்மானிப்பது. என் முதற் பலகையை மார்கழி மழைக்குள் செய்தேன். மரம் காய்ந்தது என்று விற்றவர் சொன்னதை நம்பி, அன்றே அறுத்து ஒட்டினேன். பார்க்க மிக அழகாக இருந்த அந்தப் பலகை, ஆனி மாதத்தில் கச்சான் என்னும் வரண்ட காற்று வீசத் தொடங்கி இரண்டு வாரம் ஆவதற்குள், நடுவில் விரல் நகம் நுழையும் அளவுக்கு வெடித்துப் பிரிந்தது. பசையில் குற்றமில்லை. வெடிப்பு பசைக்கோட்டில் விழாமல் அதற்குப் பக்கத்து மரத்திலேயே ஓடியிருந்தது. ஈரத்தோடு ஒட்டிய மரம் காய்ந்து சுருங்க இடம் தேடியதன் விளைவு அது.

ஆகவே வாங்கிய பலகைகளின் இரு தலைப்பிலும் வாங்கிய அன்றே பெயின்ற் பூசிவிடுங்கள். தலைப்பு வழியாகத்தான் ஈரம் வேகமாக வெளியேறும், வெடிப்பும் அங்கேயே தொடங்கும். பின்னர் நிழலில், தரையிலிருந்து ஓரடி உயர்த்தி, பலகைக்குப் பலகை ஓர் அங்குலக் குச்சிகளை நேர்மேலாக இட்டு அடுக்குங்கள். கச்சான் அடிக்கும் பக்கத்தைக் கிடுகால் மறைக்க வேண்டும், அந்த வரண்ட காற்று நேரே பட்டால் மேற்புறம் மட்டும் காய்ந்து மரம் விறைத்துவிடும். காய்ந்ததா என்று அறியக் கருவி எதுவும் வேண்டாம். ஒரு பலகையை வாரத்துக்கு ஒருமுறை தராசில் நிறுத்து, எடையை அதன் மேலேயே பென்சிலால் எழுதி வாருங்கள். அடுத்தடுத்து மூன்று வாரம் எடை குறையாதிருந்தால் மரம் வேலைக்கு ஆயத்தமாகிவிட்டது.

காய்ந்த பலகையை 3 அங்குலச் சட்டங்களாக அறுத்து, தலைப்பில் தெரியும் வளையங்கள் ஒன்றில் மேல்நோக்கியும் அடுத்ததில் கீழ்நோக்கியும் வளையுமாறு மாற்றி மாற்றி வையுங்கள். ஒன்று வளைய முயன்றால் மற்றது அதை இழுத்துப் பிடிக்கும். ஒட்டுவதற்கு, இரு பகுதிகளைக் கலந்து பூசும் எப்பொக்சிப் பசையே நல்லது. பைபர் வள்ளங்களுக்குப் பூசும் பொலியெஸ்டர் பசை மரத்தை அந்த அளவுக்குப் பற்றாது. நம் வெக்கையில் கலந்த எப்பொக்சியைக் கோப்பையில் வைத்திருந்தால் அது தானாகச் சூடேறி நிமிடங்களில் இறுகிவிடும் என்பதால், சிறிது சிறிதாகக் கலந்து, தட்டையான தட்டில் பரப்பி வைத்துப் பூச வேண்டும். கிளாம்ப் இல்லாவிட்டால் கயிற்றைச் சுற்றி ஆப்பு இறுக்கலாம், ஆனால் அளவுக்கு மீறி இறுக்கினால் பசை முழுவதும் பிதுங்கி, பொருத்து வெறுமையாகிவிடும்.

வடிவத்தின் ஒரு பாதியை மட்டும் தடித்த கடதாசியில் வரைந்து வெட்டி, அதைப் புரட்டிப் போட்டு மறுபாதியைக் கீறினால் இருபுறமும் ஒத்து வரும். வெளிக்கோட்டை அறுத்தபின் சீவுளியைக் கூர்தீட்டிக்கொண்டு தொடங்குங்கள். ரேகைக்கு, அதாவது மரத்தின் நார் ஓடும் திசைக்கு, எதிராகச் சீவினால் மரம் பிய்ந்து வரும். அப்படி வந்தால் அழுத்திச் சீவாமல் திசையை மாற்றுங்கள். அடிப்புறத்தில் முன்முனையின் கடைசி 6 அங்குலத்தை மட்டும் மெல்லமெல்லச் சரித்து, நுனியில் 6 மில்லிமீற்றர் குறைத்தால் முனை அலைக்குள் குத்தாது. முன்விளிம்புகளை உருட்டையாக்கி, பின்பாதி விளிம்பின் அடிப்பக்கத்தைக் கூராகவே விடுங்கள், அடியில் மீன்துடுப்புப் போன்ற பகுதி இல்லாத இந்தப் பலகை அலையின் சரிவில் வழுக்கிப் போகாமல் பிடிமானம் கொடுப்பது அந்த விளிம்புதான். இங்கே கண்ணைவிட உள்ளங்கை மேல். கண்ணை மூடிக்கொண்டு இரு விளிம்புகளையும் இரு கைகளால் ஒரே நேரத்தில் தடவி வந்தால், அளவுகோல் காட்டாத மேடு பள்ளத்தைக் கை சொல்லிவிடும்.

மண்கடதாசியை 80ஆம் இலக்கத்தில் தொடங்கி 120, 180 என்று தேய்த்த பின்னர், ஈரத்துணியால் ஒருமுறை துடையுங்கள். படுத்துக் கிடந்த நார்கள் எழுந்து நிற்கும். காய்ந்ததும் 240ஆல் அவற்றைச் சீவி எடுத்தால் கடலில் நனைந்தாலும் மேற்பரப்பு சொரசொரப்பாகாது. பூச்சுக்கு மூன்று முறை லின்சீட் (ஆளிவிதை) எண்ணெய் போதும், ஒவ்வொன்றும் முழுதாகக் காய வேண்டும். எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் எறிந்துவிடாதீர்கள். அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும், மரத்தூள் நிறைந்த பட்டறையில் அது பேராபத்து. துணியைத் தண்ணீரில் அமிழ்த்தி வையுங்கள், அல்லது வெளியே விரித்துக் காயப்போடுங்கள்.

இதை வாங்குபவரிடம் ஒன்றைக் கட்டாயம் சொல்லுங்கள். பலகையின் கன அளவு ஏறக்குறைய 9 லீற்றர், எனவே கடல் தாங்குவது 9 கிலோவுக்குச் சற்று மேல். பலகையின் சொந்த எடை மூன்றரைக் கிலோ வரை வரும். மிஞ்சும் ஐந்தாறு கிலோ ஒரு சிறுவனைக்கூட மிதக்க வைக்காது. வேகம் எடுத்த பிறகுதான் இது ஆளைச் சுமக்கும். ஆதலால் நீந்தத் தெரியாதவர் கையில் கொடுக்கக் கூடாது.

இனிப் பிள்ளைகளின் இழுவை யானை. விளையாட்டுப் பொருளுக்கு, பலகை செய்து மிஞ்சும் மலைவேம்புத் துண்டுகள் ஆகா. அவை மிருதுவானவை, பிள்ளைகள் கடித்தால் பல் பதிந்து சிம்பு எழும். தளபாடப் பட்டறையில் மிஞ்சும் பலாத் துண்டுகளைக் கேட்டு வாங்குங்கள். முழுப் பலாமரத்தை வெட்ட அனுமதி வேண்டும், துண்டுகளுக்கு அந்தச் சிக்கல் இல்லை. அருகிலுள்ள லகுகலைப் பக்கம் யானை பார்த்து வளரும் எங்கள் பிள்ளைகளுக்கு நான் செய்வது கயிறு கட்டி இழுக்கும் நான்கு சக்கர யானை. துதிக்கையின் நீளத்தோடு ரேகை ஓடுமாறு வரைய வேண்டும், குறுக்கே ஓடினால் முதல் விழுகையிலேயே முறியும். துதிக்கை நுனியை முன்காலோடு சேர்த்துவிட்டால் இன்னும் உறுதி.

சக்கரத்தைக் கிளையின் வட்ட வெட்டிலிருந்து எடுத்தால் காயும்போது நடுவிலிருந்து விளிம்புவரை பிளக்கும், எனவே பலகையிலிருந்தே வட்டமாக அறுத்தெடுங்கள். அச்சுக்கு 10 மில்லிமீற்றர் குச்சியென்றால் உடலின் துளை 11 ஆக இருக்கட்டும், மழைக்காலத்தில் மரம் உப்பும்போதும் சக்கரம் சுழலும். 3 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கென்றால் 31.7 மில்லிமீற்றர் குறுக்களவுள்ள குழாய்க்குள் அடங்கிப்போகும் எந்தப் பகுதியும் கழன்று வரக் கூடாது. ஆகவே சக்கரத்தை 45 மில்லிமீற்றருக்குக் குறைக்காமல், அச்சோடு ஒட்டி, குறுக்கே ஒரு மரமுளையும் அடித்து, ஒரு நாள் விட்டு முழுப் பலத்தோடு இழுத்துப் பாருங்கள். பெயின்ற் வேண்டாம். ஒரு பங்கு தேன்மெழுகை நான்கு பங்கு தேங்காய் எண்ணெயில், சுடுநீருக்குள் வைத்த பாத்திரத்தில் உருக்கித் தேய்த்தால் பலாவின் மஞ்சள் தானாகவே மின்னும். ஒன்றரை வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு இழுகயிறு ஓரடிக்கு மேல் நீளாமலும், நுனியில் சுருக்கு விழாமலும் கட்டிக் கொடுங்கள்.