மலைச்சரிவில் வண்டி நிறுத்துதல்: ஓட்டுநருக்கும் நிறுத்துமிடம் நடத்துபவருக்கும்

சமவெளியில் இன்ஜினை அணைத்ததும் ஓட்டுநரின் வேலை முடிந்துவிடுகிறது. நீலகிரியில் அப்படி இல்லை. இங்கே இன்ஜின் அணைந்த பிறகும் சரிவு வண்டியை இழுத்துக்கொண்டேதான் இருக்கிறது. மழை அதன் அடியிலுள்ள மண்ணைக் கரைத்துக்கொண்டிருக்கிறது. நான் குன்னூரில் 20 வண்டிகள் நிற்கக்கூடிய ஒரு சிறு நிறுத்துமிடத்தைப் பதினோரு ஆண்டுகளாக நடத்திவருகிறேன். அதற்கு முன் மேட்டுப்பாளையம் – ஊட்டி சாலையில் வேன் ஓட்டினேன். சாவியைக் கொடுப்பவராகவும் வாங்குபவராகவும் இருந்திருப்பதால், இரு தரப்பினரும் தெரிந்துகொள்ள வேண்டியவற்றை இங்கே எழுதுகிறேன்.

2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் முறை நடைமுறைக்கு வந்தது. 2025 கோடையில் நீலகிரிக்குள் வார நாள்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று சென்னை உயர் நீதிமன்றம் வரம்பும் விதித்தது. இருந்தாலும், மலர்க் கண்காட்சி நாள்களில் வருகிற அத்தனை வண்டிகளுக்கும் போதுமான சமதளம் இந்த மலையில் எங்கும் கிடையாது. ஆகவே சரிவில் நிறுத்தித்தான் ஆக வேண்டும் என்று எண்ணிக்கொண்டு, அதை முறையாகச் செய்யப் பழகிக்கொள்வதே நல்லது.

நிறுத்தும் வரிசை

பலர் கால் பிரேக்கை மிதித்துக்கொண்டே கியரில் போட்டு, இன்ஜினை அணைத்து, கடைசியில் ஹேண்ட் பிரேக்கை இழுக்கிறார்கள். அப்போது வண்டியின் பாரம் முதலில் கியர்பெட்டியின் மேல் விழுகிறது. சரியான வரிசை வேறு. கால் பிரேக்கில் வண்டியை நிறுத்தி, நியூட்ரலுக்கு வந்து, ஹேண்ட் பிரேக்கை முழுவதும் இழுத்த பிறகு, கால் பிரேக்கை மெதுவாகத் தளர்த்தி வண்டி நகராமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். அது நின்றால் மறுபடியும் கால் பிரேக்கை மிதித்து, இன்ஜினை அணைத்து, மேல்நோக்கி நிற்கும் வண்டியை முதல் கியரிலும் கீழ்நோக்கி நிற்கும் வண்டியை ரிவர்ஸ் கியரிலும் போட வேண்டும். ஆட்டோமேட்டிக் வண்டிக்கும் இதே வரிசைதான். ஹேண்ட் பிரேக் பாரத்தைத் தாங்கிய பிறகே லீவரை ‘பி’ நிலைக்குத் தள்ள வேண்டும். அந்த நிலையில் வண்டியைப் பிடித்திருப்பது கியர்பெட்டிக்குள் ஒரு பற்சக்கரத்தின் பல்லில் மாட்டிக்கொள்ளும் சிறு கொக்கி மட்டுமே. காலையில் லீவரை எடுக்கும்போது ‘டக்’ என்ற கனத்த சத்தம் கேட்டால், இரவெல்லாம் அந்தக் கொக்கிதான் பாரத்தைச் சுமந்தது என்று பொருள்.

இறங்குசாலையில் வந்தவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். குன்னூரிலிருந்து பர்லியாறு வரை பிரேக்கை மிதித்தே இறங்கிவந்து டீக்கடையில் நிறுத்தும்போது சக்கரத்தின் அருகே கருகல் வாசனை அடிக்கும். அந்தச் சூட்டில் இழுத்த ஹேண்ட் பிரேக், உலோகம் ஆறிச் சுருங்கும்போது பிடி தளரக்கூடும். நிறுத்திய உடனே அசையாமல் நின்ற வண்டி அரை மணி நேரம் கழித்து ஆளில்லாமல் நகர்வதற்கு இது ஒரு காரணம். கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, பத்து நிமிடம் கழித்து ஹேண்ட் பிரேக்கை இன்னொரு முறை இழுத்துப் பார்த்துவிட்டு டீ குடிக்கப் போங்கள். சூடான சக்கரத்தின் மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள். பிரேக் தட்டு கோணிக்கொள்ளலாம், விரிசலும் விடலாம்.

முன்சக்கரத்தைத் திருப்பிவைப்பதற்கு ஓட்டுநர் பள்ளியில் ஒரு விதி சொல்லித்தருகிறார்கள். சாலையோரத்தில் விளிம்புக்கல் இருந்து வண்டி மேல்நோக்கி நின்றால் ஸ்டீயரிங்கை வலப்பக்கம் ஒடிக்க வேண்டும். கீழ்நோக்கி நின்றால் இடப்பக்கம் ஒடிக்க வேண்டும். வண்டி உருண்டாலும் சக்கரம் கல்லில் முட்டி நின்றுவிடும். கல் இல்லாத இடத்தில் சாலையோரத்தை நோக்கித் திருப்பு என்கிறது அதே விதி. மலைச்சாலையில் அந்த ஓரமே பள்ளத்தாக்காக இருக்கலாம் என்பதை அது கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. என் கருத்தில், பள்ளத்தாக்குப் பக்கம் நிறுத்தவே கூடாது. மண்திட்டுள்ள பக்கத்தில் நிறுத்தி, எந்தத் திசையில் உருண்டாலும் திட்டில் மோதி நிற்கும்படி சக்கரத்தை ஒடித்துவைக்க வேண்டும்.

முட்டுக்கட்டை என்ற சொல்லை நாம் தடங்கலுக்குப் பயன்படுத்திப் பயன்படுத்தி, அது ஒரு பொருளின் பெயர் என்பதையே மறந்துவிட்டோம். ஒரு பக்கம் சரிவாகச் செதுக்கிய முக்கோணக் கட்டை, சக்கரத்தின் உயரத்தில் கால் பங்காவது இருக்க வேண்டும். அதைச் சரிவின் கீழ்ப்பக்கத்தில், டயரோடு இடைவெளி இல்லாமல் ஒட்டிவைக்க வேண்டும். உருண்டையான கற்பூர மரத்துண்டு (யூகலிப்டஸைத்தான் இங்கே அப்படிச் சொல்கிறோம்) இதற்கு உதவாது. பட்டை நனைந்ததும் வழுக்கும். வண்டி அசைந்தால் அதுவும் கூடவே உருளும். கருங்கல்லை வைப்பவர்கள், போகும்போது அதைச் சாலையிலேயே விட்டுவிடுகிறார்கள். பனிமூட்டத்தில் அந்தக் கல்லின் மேல் பைக்கை ஏற்றி விழுந்த ஒரு பையனைத் தூக்கிவிட்டிருக்கிறேன். அதனால் கைகூப்பிக் கேட்கிறேன்: கல் வைத்தால் எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டுப் புறப்படுங்கள்.

இடத்தைப் பார்த்து நிறுத்துதல்

வளைவில், மேட்டின் உச்சியில், பாலத்தின் மேல் நிறுத்துவது சாலை விதிகளின்படியே தவறு. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 122-ஆம் பிரிவு, பிறருக்கு ஆபத்து உண்டாகும்படி வண்டியை விட்டுச்செல்வதைத் தடுக்கிறது. தானாக நகர முடியாதபடி செய்யாமல் இறங்கிப் போவதை 126-ஆம் பிரிவு தடுக்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரும் வழியில் 14 கொண்டை ஊசி வளைவுகளும் ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36 வளைவுகளும் உள்ளன. அந்த வளைவுகளில் பேருந்து திரும்புவதற்குச் சாலையின் முழு அகலமும் தேவைப்படுகிறது. படம் எடுக்க ஐந்து நிமிடம் நிறுத்திய ஒரு கார், பேருந்தைப் பாதித் திருப்பத்தில் நிறுத்திவிட்டால், அதன் பின்னால் வரும் ஆம்புலன்ஸுக்கு வேறு வழியே கிடையாது.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் கற்பூர மரங்கள் சாய்வது இங்கே வழக்கமான செய்தி. அந்த மாதங்களில் மர நிழல் வேண்டாம். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அத்தகைய மழையில் வெட்டிவிட்ட மண்திட்டு எந்த நேரமும் இறங்கலாம். திட்டிலிருந்து புதிதாகத் தண்ணீர் கசிந்தாலும், மேலே நிற்கும் மரம் முன்பக்கம் சாய்ந்திருந்தாலும், அடியில் புது மண் சிதறிக்கிடந்தாலும் அங்கே நிறுத்தக் கூடாது. ஜனவரி முதல் மார்ச் வரை கவலை வேறு மாதிரியானது. உறைபனியில் கருகிய புல் சருகாகக் காய்ந்திருக்கும். ஏறிவந்த வண்டியின் சைலன்சர் சூடு பட்டால் அது பற்றிக்கொள்ளும்.

விலங்குகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். குரங்கு கண்ணாடி இடுக்கு வழியே கைவிடும், வைப்பர் ரப்பரைப் பிடுங்கும். கோத்தகிரி, குன்னூர்ப் பக்கங்களில் கரடி இரவில் உணவு வாசனையைத் தேடி வருகிறது. ஆகவே முறுக்குப் பொட்டலமோ பழத்தோலோ வண்டிக்குள் இருக்கக் கூடாது. காட்டெருமை வண்டியருகே நின்றால் ஹாரன் அடிக்காமல், போட்டோ எடுக்க நெருங்காமல், அது தானாகப் போகும்வரை உள்ளேயே காத்திருங்கள்.

பையையும் லேப்டாப்பையும் டிக்கியில் வைப்பதை, நிறுத்துமிடத்துக்கு வந்து சேர்வதற்கு முன்பே முடித்துவிடுங்கள். வந்து நின்ற பிறகு டிக்கியைத் திறந்து அடுக்கினால், எங்கே என்ன இருக்கிறது என்பதைப் பார்ப்பவருக்கு நீங்களே காட்டிக்கொடுக்கிறீர்கள். ஆர்சி, உரிமம், இன்சூரன்ஸ் ஆகியவற்றை டிஜிலாக்கரில் காட்டினால் போதும் என்பதால் அசல் தாள்கள் வண்டியில் இருக்கத் தேவையில்லை. இரண்டாவது சாவியையும் உள்ளே வைக்காதீர்கள். வண்டி திருடுபோனால் இன்சூரன்ஸ் நிறுவனம் இரண்டு சாவிகளையும் கேட்கும்.

நிறுத்துமிடம் நடத்துபவர் செய்ய வேண்டியவை

முதலில் தரையைப் பாருங்கள். மலையில் பெரும்பாலான நிறுத்துமிடங்கள், ஒரு பக்கம் மண்ணை வெட்டி மறுபக்கம் கொட்டி உண்டாக்கிய தளங்கள். வெட்டிய பக்கம் உறுதியானது. கொட்டிய பக்கம் மழையில் ஊறி, விளிம்பிலிருந்து சரியத் தொடங்கும். என் இடத்தில் அந்த விளிம்பிலிருந்து ஐந்தடி தள்ளி வெள்ளைக் கோடு போட்டு, அதற்கு அப்பால் எந்தச் சக்கரமும் போகாதபடி சிமெண்ட் கட்டைகளைப் பதித்திருக்கிறேன். அதனால் இரண்டு வண்டிக்கான இடம் போயிற்று. அதற்காக நான் ஒருநாளும் வருந்தியதில்லை. வேனையும் டெம்போ டிராவலரையும் வெட்டிய பக்கத்திலேயே நிறுத்தச் செய்யுங்கள். தடுப்புச் சுவரில் தண்ணீர் வடிய விட்டிருக்கும் துளைகளை மே மாதத்திலேயே கம்பியால் குத்தித் தூர் எடுத்துவிடுங்கள். அவை அடைத்துக்கொண்டால் சுவருக்குப் பின்னால் தேங்கும் நீரே சுவரைத் தள்ளிவிடும். வண்டிகள் சரிவுக்குக் குறுக்காக நிற்கும்படி கோடு போட்டால், பிடி தளர்ந்தாலும் எளிதில் உருளாது.

முட்டுக்கட்டைகளை நிறுத்துமிடமே வைத்திருக்க வேண்டும். நான் மஞ்சள் வண்ணம் அடித்து, கயிறு கட்டி, எண் போட்டு 40 கட்டைகள் வைத்திருக்கிறேன். மாலையில் அவற்றை எண்ணி அடுக்கும்போது ஒன்று குறைந்தால், அது எந்த வண்டியின் அடியில் போயிற்று என்று தெரிந்துவிடும்.

வண்டியைப் பின்னால் எடுக்க வழிகாட்டும் ஆளைப் பற்றி நான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். நிறுத்துமிடத்தை நடத்தத் தொடங்கிய ஐந்தாம் ஆண்டு ஜூலையில், மழை தூறிக்கொண்டிருந்த ஒரு மாலையில், என்னிடம் வேலை செய்த அண்ணன் ஒருவர் சுவருக்கும் வேனுக்கும் நடுவில் நின்றுகொண்டு, “வரட்டும், வரட்டும்” என்று கையசைத்துக்கொண்டிருந்தார். கண்ணாடியில் நீர்த்துளி படிந்திருந்ததால் ஓட்டுநருக்கு அவர் தெரியவில்லை. கிளட்ச் சற்று அதிகமாக விட்டுப்போக, வேன் ஒரு முழம் கூடுதலாக வந்தது. அண்ணன் பக்கவாட்டில் பாய்ந்துவிட்டார். அவர் கையிலிருந்த குடை சுவருக்கும் பம்பருக்கும் இடையில் சிக்கி, கம்பிகள் ஒவ்வொன்றாக முறிந்த சத்தம் எனக்கு இன்னமும் கேட்கிறது. அந்தக் குடையை என் கொட்டகையில் ஆணியடித்து மாட்டிவைத்திருக்கிறேன். புதிதாகச் சேரும் ஒவ்வொருவருக்கும் முதல் நாளே அதைக் காட்டுகிறேன். வழிகாட்டுபவர் எப்போதும் ஓட்டுநர் பக்கத்துக் கண்ணாடியில் தெரியும்படி, வண்டிக்கு வெளியே பக்கவாட்டில்தான் நிற்க வேண்டும். ஓட்டுநரும், வழிகாட்டுபவர் கண்ணாடியிலிருந்து மறைந்த கணமே பிரேக்கை மிதித்துவிட வேண்டும். அவர் மறுபடி கண்ணில் படும்வரை ஓர் அங்குலமும் நகரக் கூடாது.

சாவியை வாங்குவது பெரிய பொறுப்பு. ‘வாகனங்கள் உரிமையாளரின் சொந்தப் பொறுப்பில்’ என்று பலகை மாட்டிவிட்டால் தப்பித்துக்கொள்ளலாம் என்று நம் தொழிலில் பலர் நம்புகிறார்கள். டெல்லியில் ஒரு நட்சத்திர ஹோட்டலில் ஊழியரிடம் சாவியோடு ஒப்படைக்கப்பட்ட கார் 1998-இல் திருடுபோன வழக்கில், 2019 நவம்பர் 14 அன்று உச்ச நீதிமன்றம் இந்த நம்பிக்கையை ஏற்கவில்லை. சாவியை வாங்கி வண்டியை நிறுத்தித் தருபவர், 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின்படி, ஒப்படைக்கப்பட்ட பொருளைக் காக்க வேண்டியவர் ஆகிறார். தாம் கவனக்குறைவாக இல்லை என்று காட்ட வேண்டியதும் அவரே. பலகை அந்தக் கடமையை நீக்கிவிடாது என்று நீதிமன்றம் கூறியது. ஆகவே சாவியை வாங்காமல் ஓட்டுநரையே பூட்டி எடுத்துச்செல்லச் சொல்வது சிறு நிறுத்துமிடங்களுக்கு ஏற்றது. வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால், சாவியில் டோக்கன் எண்ணை மட்டும் கட்டுங்கள், வண்டி எண்ணைக் கட்டாதீர்கள். பூட்டிய பெட்டியில் வையுங்கள். உள்ளே வரும்போதே நான்கு பக்கமும் கைப்பேசியில் படம் எடுத்துவிடுங்கள். ஏற்கெனவே இருந்த கீறலுக்காகப் பின்னால் சண்டை வராது. டோக்கனைத் தொலைத்துவிட்டு வருபவர் எவ்வளவு அவசரப்பட்டாலும், ஆர்சியையும் அடையாள அட்டையையும் பார்த்துக் கையெழுத்து வாங்காமல் வண்டியை விடக் கூடாது.

கேமராவை உயரமான கம்பத்தில் மாட்டுவது இங்கே பயன்படாது. பனிமூட்டத்தில் அதன் இரவு வெளிச்சம் மூட்டத்திலேயே பட்டுத் திரும்பி, படம் முழுவதும் வெள்ளையாகிவிடும். வாசலில், நம்பர் பிளேட்டுக்குப் பக்கத்தில், தாழ்வாக ஒன்றை வைத்து, விளக்கைக் கேமராவிலிருந்து தள்ளிப் பொருத்துங்கள். தீயணைப்பான்கள் தூளுள்ளவையாக, பூட்டாத இடத்தில் இருக்கட்டும். வெளியேறும் வழியில் ஒருபோதும் வண்டி நிற்கக் கூடாது, உரிமையாளரின் வண்டியும்தான்.

இரவில் வண்டிக்குள் தூங்குபவர்கள்

சுற்றுலாப் பயணிகள் அறையில் தூங்க, அவர்களை அழைத்துவந்த ஓட்டுநர் குளிரில் காருக்குள் முடங்கிக்கிடப்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. ஓட்டுநர்களுக்குத் தங்குமிடமும் கழிப்பறையும் ஹோட்டல்கள் தர வேண்டும் என்று 2023-இல் தமிழ்நாடு அரசு கட்டட விதிகளைத் திருத்தியது. அறை பதிவுசெய்யும்போதே பயணிகள் இதைக் கேட்க வேண்டும்.

ஹீட்டருக்காக இன்ஜினை ஓடவிட்டுக் கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு தூங்குவது உயிருக்கே ஆபத்து. புகையில் வரும் கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலைவலியும் மயக்கமும் வரும்போது எழுந்து கதவைத் திறக்கும் தெம்பு இருக்காது. சுவரையொட்டிப் பின்பக்கமாக நிறுத்திய வண்டியில் புகை வெளியேறவும் வழியில்லை. கரி அடுப்பைக் காருக்குள் வைப்பது இதைவிடக் கொடியது. என் இடத்தில் இரவு பத்து மணிக்கு ஒரு சுற்று வந்து, ஓடும் இன்ஜின் சத்தம் கேட்டால் கண்ணாடியைத் தட்டி எழுப்புகிறோம். கம்பளியும் கொட்டகையில் ஒரு கட்டிலும் தருகிறோம். அதற்குக் காசு வாங்குவதில்லை.

காலையில் புறப்படும்போது

குளிருக்காக நாயோ பூனையோ வண்டிக்கு அடியில் ஒண்டியிருக்கும். குனிந்து பார்த்து, பானட்டை இரண்டு தட்டுத் தட்டுங்கள். கண்ணாடியின் உட்புறப் புகைமூட்டம் முழுவதும் தெளியட்டும். கைக்குட்டையால் துடைத்த ஓர் ஓட்டை வழியே பார்த்துக்கொண்டு ஓட்டாதீர்கள். இன்ஜினைக் கிளப்பி, கால் பிரேக்கை அழுத்தி மிதித்துப் பார்த்து, மிதியை விடாமல் இருக்கும்போதே இன்னொருவர் பக்கவாட்டில் நின்று கயிற்றால் கட்டையை இழுத்தெடுக்க வேண்டும். சக்கரத்தின் முன்னால் குனிந்து கையால் எடுக்கக் கூடாது. கட்டை இறுகிப்போய் வராவிட்டால் சுத்தியலால் அடிக்காமல், வண்டியை ஒரு விரற்கடை மேல்நோக்கி நகர்த்தினால் தானே விடுபடும். பிறகு வாசலைத் தாண்டுமுன் ஒருமுறை பிரேக் பிடித்துப் பாருங்கள். கட்டையைக் கொட்டகையில் அதன் எண்ணுக்குரிய இடத்தில் வைத்துவிட்டுப் புறப்படுங்கள்.