பூச்சியம் பாகையைச் சுற்றி ஊசலாடும் நாட்களில் வாகனம் ஓட்டுதல்

ரொறன்ரோவில் பெரும்பனி கொட்டும் நாளைவிட, வெப்பநிலை பூச்சியத்துக்கு மேலும் கீழுமாக ஊசலாடும் நாளுக்கே சாரதிகள் அதிகம் அஞ்ச வேண்டும் என்பது என் கருத்து. வீதி வெள்ளையாகத் தெரிந்தால் எவரும் தாமாகவே வேகத்தைக் குறைத்துவிடுவார்கள். ஆனால் பகலில் 3 பாகையில் உருகி வீதியில் வழிந்த நீர், இரவில் மைனஸ் 4 பாகையில் உறைந்த பின்னும், வெறும் ஈரத் தார் போலவே கண்ணுக்குத் தோன்றும். கறுப்பு ஐஸ் எனப்படுவது இதுதான். இதைக் கண்டுகொள்ள, முன்னே செல்லும் வாகனத்தின் சக்கரங்களைக் கவனியுங்கள். வீதி ஈரமாக மின்னியும் சக்கரங்களிலிருந்து நீர் தெறிக்கவில்லையென்றால், அது உறைந்துவிட்டது என்று கொள்ளலாம். வாகனத் திரை 2 பாகை என்று காட்டுவது காற்றின் வெப்பத்தையே. தரை அதைவிடக் குளிர்ந்திருக்கக்கூடும். அடியிலும் காற்றுப் படுவதால் பாலங்களும் மேம்பாலங்களும் முதலில் உறையும்.

ஆகவே புறப்படுமுன், நாள் முழுவதற்குமான ஒற்றை எண்ணைப் பார்ப்பதோடு நில்லாமல், மணிவாரியான முன்னறிவிப்பைப் பார்த்து, வெப்பநிலை எப்போது பூச்சியத்தைக் கடக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். நெடுஞ்சாலைகளின் நிலையை ஒன்ராறியோ 511 சேவை தெரிவிக்கும். உறைமழை, அதாவது விழுந்ததும் உறைந்துபோகும் மழை, பற்றிய எச்சரிக்கை வந்திருந்தால், பயணத்தைத் தள்ளிப்போடுவதே முறை. 2013 டிசம்பரில் பெய்த உறைமழையில் மரங்கள் முறிந்து மின்கம்பிகளில் விழுந்ததையும், பல வீடுகள் நத்தார் நாளிலும் இருளில் கிடந்ததையும் இங்குள்ளோர் மறந்திருக்கமாட்டார்கள்.

குளிர்கால ரயர் கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை கட்டாயம்; ஒன்ராறியோவில் அவ்வாறில்லை. ஆயினும் 7 பாகைக்குக் கீழே சாதாரண ரயரின் றப்பர் இறுகிப் பிடிமானம் குறைவதால், மலைச் சிகரத்துக்குள் பனித்துகள் பொறித்த அடையாளமுள்ள ரயர்களை நான்கு சக்கரங்களுக்கும் பூட்டுவது நல்லது. அவற்றைப் பூட்டினால் வாகனக் காப்புறுதிக் கட்டணத்தில் கழிவும் உண்டு, கேட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள்.

கண்ணாடியில் படிந்த பனியில் உள்ளங்கை அளவு ஓட்டையைச் சுரண்டிவிட்டுப் புறப்படுவோரை ஒவ்வொரு காலையும் காண்கிறேன். கூரை, விளக்குகள் உட்பட முழு வாகனத்தையும் துப்புரவாக்க ஐந்து நிமிடம் போதும். ஓடும்போது முன்வாகனத்துடன் வழக்கத்தைவிடப் பல மடங்கு இடைவெளி விடுங்கள். வாகனம் வழுக்கினால் காலை அக்சிலேற்றரிலிருந்து எடுத்து, போக வேண்டிய திசையை நோக்கியே ஸ்ரியறிங்கை மெதுவாகத் திருப்புங்கள். சக்கரங்கள் சுழலாமல் இறுகிவிடுவதைத் தடுக்கும் ஏபிஎஸ் உள்ள வாகனத்தில் பிறேக்கை விட்டு விட்டு மிதிக்காமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். மிதி அதிர்வது இயல்பே. உப்புத் தூவிய வீதி என்று முற்றாக நம்பிவிடாதீர்கள், ஏனெனில் மைனஸ் 18 பாகையை நெருங்கும்போது சாதாரண உப்பு ஏறக்குறையப் பயனற்றுப்போகும்.

பனியகற்றும் வண்டி உங்கள் வாகனப் பாதையின் வாயிலில் வயல் வரம்பு போல ஒதுக்கிவிட்டுப் போகும் பனியை அன்றைக்கே அள்ளிவிடுங்கள். ஓர் இரவு விட்டால் அது கல்லாக இறுகிவிடும். வீதியைப் பார்த்து நின்றால் வண்டி இடப்புறமிருந்து வரும். ஆகையால் அள்ளும் பனியை வலப்புறம் குவித்தால், அடுத்த முறை வண்டி வரும்போது அந்தக் குவியல் மீண்டும் வாயிலுக்குள் தள்ளப்படாது.